றொக்கியின் பதினான்கு மாதம்

உடுப்பிட்டியில் ஒரு பாடசாலையின் விஞ்ஞானகூடத்தில் இருபத்தெட்டு வருடம் உதவியாளராக வேலைசெய்து ஓய்வுபெற்றவர் பத்மாவதி. கணவர் இறந்தபிறகு வீட்டில் அவரும் றொக்கி என்ற நாயும்தான். மகன் மயூரதன் லண்டனில்.

சென்ற வருடம் மாசியில், ஒழுங்கைக்குள் வேகமாக வந்த மோட்டார் சைக்கிள் றொக்கியின் இடுப்பில் ஏறியது. மிருக வைத்தியர் குகதாசன் பின்கால் விரலை இடுக்கியால் அழுத்தினார். றொக்கி திரும்பியே பார்க்கவில்லை.

“முள்ளந்தண்டுக்குள்ளை ஓடுற நரம்பு அறுந்துபோச்சு, அம்மா. ஊசி போட்டு ஒரேயடியா நித்திரையாக்கிறதுதான் நல்லது.”

“வேறை வழியே இல்லையோ, டொக்டர்?”

அவர் சற்றுத் தயங்கினார். “வெளிநாட்டிலை செய்து பாத்திருக்கினம். மூக்கிலை மணம் அறியிற நரம்பு புதிசு புதிசா முளைக்கும். அதுக்குத் துணையா இருக்கிற கலங்களை, அதுதான் செல்லுகளை, நாயின்ரை மூக்கிலையிருந்தே எடுத்து, வளத்து, முதுகிலை அடிபட்ட இடத்திலை விடுறது. சில நாயள் நடந்திருக்குதுகள். இஞ்சை இல்லை.”

வெங்காயத் தோலின் கலங்களை எத்தனையோ பிள்ளைகளுக்கு நுணுக்குக்காட்டியில் வைத்துக் கொடுத்தவர் பத்மாவதி. அந்த வைத்தியத்தை அங்கே செய்விக்கலாமா என்று அன்றே மகனிடம் கேட்டார். மயூரதன் விசாரித்து மூன்றாம் நாள் பதில் சொன்னான்.

“அது ஆராய்ச்சி மட்டுந்தான், அம்மா. நடந்த நாயளுக்கும் சலம் அடக்கிற உணர்வு திரும்பேல்லையாம். அதை விட்டிட்டு இஞ்சை வாங்கோ. விசா வந்திட்டுதெல்லே?”

“நான் வந்தா அதுக்கு ஆர் சலம் எடுக்கிறது?”



நாளுக்கு மூன்று தரம் றொக்கியின் அடிவயிற்றை அழுத்தி, தானாகப் போகாத சிறுநீரை எடுத்தார். புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தார். பேரப்பிள்ளையின் பிறந்தநாளைத் தொலைபேசியில் பார்த்தார். விசாவின் காலம் முடிந்தது. சில நாள்களில் அவர் வாய்திறந்து கதைத்தது நாயோடு மட்டும்தான்.

பதினான்கு மாதம் இருந்து, சித்திரையில் றொக்கி செத்தது.

ஒரு மாதம் கழித்துக் குகதாசன் அழைத்தார். “அச்சுவேலியிலை ஒரு வீட்டிலை இதே மாதிரி ஒரு நாய். சலம் எடுக்கத் தெரியாமல் நிக்கினம். ஒருக்காக் காட்டிவிடுவியளோ?”

பஸ் ஏறிப் போனார். ஏழு பேர் இருக்கிற வீடு. வீட்டுக்காரி பிரசாந்தியின் கையைப் பிடித்து நாயின் அடிவயிற்றில் வைத்து இடத்தைக் காட்டினார். “பந்து மாதிரி ஒண்டு தட்டுப்படும். கனக்க அமத்தாதேங்கோ.” சலம் வந்ததும் வீடே ஆரவாரித்தது.

“சாப்பிட்டிட்டுப் போங்கோ, அன்ரி.”

“இல்லைப் பிள்ளை, வீட்டிலை வேலை கிடக்கு.”

வீட்டில் ஒரு வேலையும் இருக்கவில்லை. சேலை மாற்றாமலே கட்டிலில் இருந்தார். பின்னேரம் பிரசாந்தி அழைத்தாள். இரண்டாம் தரம் சரிவரவில்லையாம்.

“பயப்பிடாதேங்கோ, வாறன்,” என்று பத்மாவதி கைப்பையை எடுத்தார்.