எல்லாக் கைகளும் உயர்ந்த வகுப்பு

பிறந்த நாட்டில் இருந்தவரை கணக்கு டீச்சரின் வகுப்பில் ஒரு பிள்ளையும் தோற்றதில்லை. பெற்றோர் அவள் பெயரைச் சொல்லித்தான் பள்ளியில் இடம் கேட்பார்கள். கணவரின் வேலையோடு கடல் தாண்டி வந்தபின், இந்த வயதில் மறுபடி படித்து, மறுபடி தேர்வெழுதி, ஒருவழியாகச் சின்னப் பள்ளி ஒன்றில் தற்காலிக ஆசிரியை ஆனாள். ஆய்வாளர் வந்து பார்த்துச் சரி என்றால் நிரந்தரம். இல்லையென்றால், இனி வகுப்பறை வாசலைக்கூட மிதிக்க முடியாது.

இங்கே எல்லாமே அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. ரேங்க் கிடையாது. பிள்ளை தப்பாகச் சொன்னால் திருத்தாமல், "எப்படி யோசிச்ச?" என்று ஆற அமரக் கேட்கிறார்கள்.

"இதுக்குப் பேரு படிப்பாங்க?" என்று வீட்டில் பொருமுவாள்.

"அங்க பரீட்சைன்னாலே வாந்தி எடுத்தாங்களே பசங்க, அது மட்டும் படிப்பாக்கும்?" என்பார் கணவர்.

"வாந்தி எடுத்தவன்ல பாதிப் பேரு இன்னைக்கு டாக்டர்."

"வாந்திக்கு மருந்து அவனுங்களுக்குத்தானே தெரியும்!"

அவள் சிரிக்கவில்லை.

ஆய்வாளர் வருகிறார் என்றதும் கைகால் ஓடவில்லை. பதற்றத்தில் பழைய பழக்கம்தான் கைகொடுத்தது. முந்தின நாள் கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளிடம் சொன்னாள்: "நாளைக்கு நான் என்ன கேட்டாலும் எல்லாரும் கை தூக்கணும். தெரிஞ்சா வலது கை. தெரியலைன்னா இடது கை. இடது கைக்காரங்களை நான் கேட்கவே மாட்டேன், பயப்படாதீங்க."

அவள் நாட்டில் இது எல்லா ஆசிரியர்களும் செய்வதுதான். விருந்தாளி வரும் நாளில் வீட்டைப் பெருக்குவதுபோல. ஏமாற்று என்று யாரும் நினைத்ததில்லை.

மறுநாள் பின்னப் பாடம் வழுக்கிக்கொண்டு போனது. கேள்வி கேட்ட வாய் மூடுமுன் வகுப்பு முழுக்கக் கைகள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஆய்வாளர் அம்மா எழுந்து வந்து, ஜன்னலோரச் சிறுமியிடம் குனிந்தார்.

"நீ சொல்லேன் கண்ணு."

சிறுமி டீச்சரைப் பார்த்தாள். பிறகு, மிக மரியாதையாக, "நான் இடது கை. என்னைக் கேட்கக் கூடாது" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் டீச்சரை உலுக்கியது. பிள்ளைகள் அதை வகுப்பின் சட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தலைமை ஆசிரியையின் அறையில் ஆய்வாளர் குரலை உயர்த்தவில்லை. "பாடம் உங்களுக்கு நல்லாவே வருது. ஆனா தெரியாததை மறைக்கவும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்துட்டீங்க."

"நாலு பேர் முன்னாடி பிள்ளை கூனிக்குறுகி நிக்கக் கூடாதுன்னுதான் மேடம்."

"தெரியலைன்னா கூனிக்குறுகணும்னு இதுக்கு முன்னாடி அவளுக்குத் தெரியாதே."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ, அங்க என் பிள்ளைங்க ஜெயிச்சதெல்லாம் பொய்யா?"

"அதை நான் பார்க்கல. இன்னைக்கு நடந்ததைத்தான் பார்த்தேன்."

நிரந்தரம் கிடைக்கவில்லை. "இன்னொரு பருவம் தர்றோம். அதுவரைக்கும் பக்கத்து வகுப்புல உட்கார்ந்து கவனிங்க" என்றார் தலைமை ஆசிரியை.

திங்கட்கிழமை, குட்டி நாற்காலியில் முழங்கால் மடக்கி உட்கார்ந்தாள். பலகை முன்னால் ஒரு பையன் விடை தெரியாமல் நின்றான். அந்த வகுப்பு ஆசிரியர் கைகட்டிக் காத்திருந்தார். காத்துக்கொண்டே இருந்தார். டீச்சருக்கு விடை நாக்கு நுனிவரை வந்தது. இந்நேரம் அவள் வகுப்பில் மூன்று கணக்கு முடிந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டாள். பையன் அழித்தான். மறுபடி போட்டான். அதுவும் தப்பு.

"நாளைக்குப் பார்ப்போம்ப்பா, போய் உட்காரு."

வெளியே ஒரு பெரிய தேர்வு இவனுக்காகக் காத்திருக்குமே என்று அவள் நினைத்தாள். பையனோ முகம் வாடாமல், கணக்கை முணுமுணுத்தபடியே தன் இடத்துக்குப் போனான். இவனுக்கு நல்லது செய்வது காத்திருக்கும் இந்த ஆசிரியரா, விடையைச் சொல்லிவிடும் தானா? எத்தனை முறை யோசித்தும் டீச்சருக்குப் பிடிபடவில்லை. அவள் நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.