நடுப்பலகை இறங்கிய காலை

யமுனையில் நுரை பொங்கும் மாதங்களில், என்னோடு அலுவலக வண்டியில் வருகிறவர்கள் பாலம் வந்ததும் கைபேசியை எடுத்துவிடுவார்கள். படத்தில் பனி மாதிரி அழகாக இருக்கும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினால் தெரியும் சங்கதி. அந்தத் தண்ணீரில் பாய்மரப் படகு விட்டார்கள் என்று சொன்னால் சிரிப்பார்கள், அதனால் நான் சொல்வதில்லை. ஆனால் நான் வளர்ந்தது அந்தக் கரையில்தான்.

அப்பா கடற்படையிலிருந்து வெளியே வந்தபின் ஓக்லா பக்கம் ஒரு படகுக் கிளப்பில் வேலைக்குச் சேர்ந்தார். கப்பலில் உலகம் சுற்றியவருக்கு டெல்லியில் பத்துப் பன்னிரண்டு சின்னப் படகுகள் வாய்த்தன. அவற்றைப் பழுதில்லாமல் வைத்திருப்பது அவர் பொறுப்பு. கொட்டகைக்குப் பின்னால் எங்களுக்கு இரண்டு அறை வீடு. அந்த வேலை போனால் வீடு போகும், வீடு போனால் என் பள்ளிக்கூடம் போகும். இதை அம்மா, நான் சோற்றை மிச்சம் வைக்கும்போதெல்லாம் நினைவூட்டுவாள்.

சின்னப் பாய்மரப் படகின் வயிற்றில் நீளவாக்கில் ஒரு பிளவு இருக்கும். அதன் வழியாக ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். கிளப்பில் எல்லாரும் அதை போர்டு என்றார்கள், அப்பா நடுப்பலகை என்பார். கரையோரத்தில் அதைத் தூக்கி வைத்திருப்பது, ஆழத்துக்குப் போனதும் கயிற்றைத் தளர்த்தி இறக்குவது. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது படகை வழுக்கவிடாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். படகு கவிழ்ந்துவிட்டால் அதன்மேல் ஏறி நின்று மிதித்துத்தான் நிமிர்த்த வேண்டும். பலகை இறங்காத படகை அப்பா பாடை என்பார்.

யமுனையில் அந்தப் பலகைக்குப் பகை கொஞ்சநஞ்சமல்ல. பூஜைப் பூ, பாலிதீன் பை, தலைமுடி, கரைத்த சிலைகளின் ஜரிகைத் துணி எல்லாம் பிளவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்பா தினமும் சாயங்காலம் சாக்குத் துணியைப் பிளவுக்குள் விட்டு இழுத்து இழுத்துத் துடைப்பார். வருடத்துக்கு ஒருமுறை பலகைகளைக் கழற்றி நீலப் பெயின்ட் அடித்து நன்றாகக் காயவிடுவார். பிறகு உள்ளே விட்டுப் பார்த்து, இடிக்கிற விளிம்பை உப்புத்தாளால் தேய்ப்பார். என்னை அதன் பக்கத்தில்கூட விடமாட்டார். எனக்கு அதில் தீராத ஏக்கம்.

அம்மாவின் தம்பி, என் மாமா, தூத்துக்குடியிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். அப்பா சொல்லித்தான் அவருக்குக் கிளப்பில் ஒப்பந்த வேலை கிடைத்தது. பயிற்சிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளைப் படகில் கூட்டிக்கொண்டு போவார். அவர் பேசும் இந்தியைக் கேட்டு அவர்கள் சிரிப்பார்கள். கூடவே இவரும் சிரிப்பார்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குப் பெரிய உறுப்பினர் ஒருவர் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார். பூஜையில் வைக்க எடுத்த ஒரு படகின் பலகை பளபளவென்று இருக்கவேண்டும் என்று, முதல் நாள் அப்பா ஏற்கெனவே அடித்ததன் மேலேயே இன்னொரு பூச்சு பூசிவிட்டார். எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. சாமி முன்னால் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமியன்று நல்ல நேரத்தில் எடுத்து ஒரு தடவையாவது புழங்கிவிட வேண்டும். ஆகவே பலகை சந்தனமும் குங்குமமுமாக ஒரு நாள் முழுக்கச் சுவரில் சாய்ந்து நின்றது. அதை உள்ளே விட்டுப் பார்க்க யாருக்கும் வாய்க்கவில்லை. வந்தவர்கள் சுண்டலைத் தின்றுவிட்டு, ஆற்று வாடை தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை படகில் பலகையை மாட்டும்போது மாமா, "உள்ள போகாம கொஞ்சம் பிடிக்கு அத்தான்" என்றார்.

"புதுப் பெயின்ட்லா. தண்ணி பட்டா எறங்கிரும். நேரம் போகுது மாப்ள, ஒரு சுத்து போயிட்டு வந்துரு."

நான் பொரியைத் தின்றபடி பக்கத்தில்தான் நின்றேன். மாமாவோடு ஒரு கல்லூரிப் பையன் ஏறினான். ஷூவைக் கழற்றி, உள்ளே சாக்ஸைச் சுருட்டி வைத்துவிட்டு, "ஜல்தி பையா" என்று அவசரப்படுத்தினான். ஆற்றின் நடுவில் மாமா குனிந்து எதையோ காலால் மிதிப்பது தெரிந்தது. அப்போது காற்று மாறியது. படகு பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே போய்ச் சாய்ந்தது, பிறகு முழுக்கக் கவிழ்ந்தது. தலைகீழான படகைச் சுற்றிச் சுற்றி மாமா நீந்தினார். ஏறி மிதிக்க அங்கே ஒன்றும் இல்லை. பையன் பாய்க்கு அடியில், கயிற்றில் சிக்கியிருந்தான். மோட்டார் படகு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் அம்மா வந்து அழுததை நான் எழுதப் போவதில்லை.

மாமா அன்று முழுவதும் சாப்பிடவில்லை. சமையலறை வாசலில் உட்கார்ந்து, "போர்டு எறங்கலக்கா, எறங்கவே இல்ல" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "வாரவங்ககிட்ட இதையே சொல்லு. ஒங்க அத்தான் பாத்துக்கிடுவாங்க" என்றாள் அம்மா. மறுநாள் காலை விசாரணை என்று சொல்லியிருந்தார்கள். படகைக் கரையேற்றிக் கொட்டகையில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

விடிந்ததும் அப்பா என்னை எழுப்பினார். "வா, பலகை தேய்க்கணும், பிடிச்சுக்க ஆள் வேணும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு நாளாகக் கேட்டும் கிடைக்காத வேலை. கொட்டகையில் அவர் பலகையைக் கழற்றப் போக, அது சுத்தியல் கொண்டு தட்டியபிறகுதான் வந்தது. தூசி பறக்காதிருக்கத் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் விளிம்புகளைத் தேய்த்தோம். ஒரு பக்கத்தை என்னிடமே விட்டுவிட்டார். நீலத் தண்ணீர் என் முழங்கைவரை வழிந்தது. மெழுகுவர்த்தியால் உரசி, மாட்டி, இழுத்துப் பார்த்தோம். வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதற்கப்புறம் அவர் ஒரு கை ஆற்றுச் சேற்றை அள்ளி, தேய்த்த விளிம்பு முழுக்கப் பூசினார். பாடுபட்டுச் சுத்தம் பண்ணிவிட்டு யாராவது சேறு பூசுவார்களா என்று நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. தரையைக் கழுவிவிட்டார்.

இவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் எப்படி இருப்பது? மாமாவிடம் ஓடினேன். கையை விரித்துக் காட்டி, "நானும் அப்பாவும் பலகையத் தேச்சோம் மாமா. இப்ப ஜோரா எறங்குது" என்றேன்.

மாமா என் கையைப் பார்த்தார். பிறகு என்னைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய், துணி சோப்பைப் போட்டு, நகக்கண்ணில் இருந்த நீலமெல்லாம் போகும்வரை கழுவிவிட்டார்.

"அம்மாட்ட சொன்னியாட்டி?"

"இல்ல."

"சொல்லாத."

பிறந்தநாள் பரிசை ஒளித்து வைக்கிற மாதிரி ஏதோ விளையாட்டு என்று எடுத்துக்கொண்டேன். அதை நான் இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை.

கிளப் பெரியவர்களும் போலீஸும் வந்தார்கள். படகைப் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்துக் கயிற்றைத் தளர்த்தினார்கள். பலகை தடங்கலில்லாமல் இறங்கி நின்றது. திரும்ப ஏற்றி இறக்கினார்கள். மறுபடியும் அப்படியே. யாராவது பாராட்டுவார்கள் என்று நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போர்டை இறக்கினாயா என்று மாமாவிடம் இந்தியில் கேட்டார்கள். அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பூல் கயா சாப்" என்றார். மறந்துவிட்டேன் என்று.

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் தம்பியோடு பேசுவதை நிறுத்தியவள்தான். மாமாவுக்கு வேலை போனது, வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. கல்யாணப் பேச்சு எதுவும் கூடிவரவில்லை. ஊரில் ஒரு உப்புக் குடோனில் காவலுக்கு இருந்து, அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். "ஒரு தாய் வயித்துல நெருப்பக் கொட்டினவன்" என்று சொல்லி அம்மா சாவுக்கும் போகவில்லை. அப்பா அன்று வீட்டில் இல்லாததுபோல் இருந்தார். அவர் அந்த வேலையில்தான் ஓய்வு பெற்றார், நான் அந்தச் சம்பளத்தில்தான் படித்தேன்.

ஆனால் விசாரணை நடந்த அந்தக் காலையில் எனக்கு வந்தது துக்கமல்ல, கோபம். முதல் நாள் முழுக்க அம்மாவிடம், பலகை இறங்கவில்லை, இறங்கவில்லை என்று அழுதவர், இப்போது மறந்துவிட்டேன் என்கிறார். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எனக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான். ஜீப்பில் ஏற்றுமுன் அவர் பக்கத்தில் போய் நின்று, அப்பாவுக்குக் கேட்கும்படியே கேட்டேன்.

"ஏன் மாமா அம்மாட்ட பொய் சொன்னீங்க?"

மாமா குனிந்து என் தலையில் கை வைத்தார். "தப்புதாம்ட்டி" என்றார்.

ஒப்புக்கொண்டாரே என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. வீட்டுக்குள் போய் மிச்சமிருந்த பொரியைத் தின்றேன்.