வார்ட்ஸ் தீவில் இரண்டு தடவை வந்த ஒரு மணித்தியாலம்

ரொறன்ரோவுக்கு ஒக்ரோபர் கடைசியில் வருகிறோம், எதிரே உள்ள தீவுக்குப் படகில் போகலாமா, குளிருமா என்று ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். போகலாம். குளிரும். பதிலை இந்த இரண்டு சொல்லோடு முடித்திருக்கலாம். ஆனால் அந்தத் தீவைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு அப்படி நிறுத்த வருவதில்லை. நான் அங்கே முதல் தடவை போனது தொண்ணூறுகளின் நடுவில், ஒக்ரோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பிறகு எத்தனையோ நாடுகளுக்குப் போய்வந்து இங்கே எழுதியிருக்கிறேன். வீட்டிலிருந்து ஐந்து கிலோமீற்றர்கூட இல்லாத அந்தப் பயணத்தை மட்டும் எழுதாமல் வைத்திருந்தேன்.

அப்போது நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் இருந்தோம். ஒரு படுக்கையறை வீடு. அறை எனக்கும் என் மனைவி சுகந்திக்கும், கூடம் என் மச்சான்மார் இரண்டு பேருக்கும். சுகந்தி வந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. எங்களுக்கு யாழ்ப்பாணத்தில் கலியாணம் நடந்து பதினோராம் நாள் நான் கனடாவுக்கு வெளிக்கிட்டேன். நாலு வருடம் கழித்து விமான நிலையத்தில் பார்த்தபோது இருவரும் மரியாதையாகச் சிரித்துக்கொண்டோம். அந்த மரியாதை வீட்டுக்கு வந்த பிறகும் போகவில்லை. கிழமை நாட்களில் எனக்கு ஸ்காபரோவில் தொழிற்சாலை வேலை. சனி, ஞாயிறு பின்னேரம் மூன்று மணியிலிருந்து நகரத்தில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. இடையில் கிடைத்த நேரத்தில் நான் நித்திரை கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின வியாழக்கிழமை, சாப்பாட்டுக் கோப்பையை எனக்கு முன்னால் வைத்துவிட்டு அவள் சொன்னாள்:

"திங்கட்கிழமை மொன்ரியலுக்குப் போறன். அக்காவோடை கொஞ்ச நாள் இருக்கப்போறன்."

"எத்தினை நாள்?"

"போய்ப் பாத்துச் சொல்லுறன்."

போய்ப் பார்த்து என்ன சொல்லப்போகிறாள் என்று இரவு முழுவதும் யோசித்தேன். அவள் திரும்பி வராமல் விட்டால் அவளைக் குறைசொல்ல என்னிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தீவுக்குப் போவோம் என்று நான் கேட்டது அதனால்தான். சுற்றிப் பார்க்கிற ஆசை ஒரு துளியும் இல்லை. மச்சான்மார் இல்லாத ஓர் இடத்தில் அவளோடு கதைத்து, போகாமல் தடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

சரி, பயணத்துக்கு வருவோம். பத்து இருபதுக்கு வெளிக்கிட்டோம். சேர்பேண் நிலையத்தில் ஆளுக்கு இரண்டு டொலர் கொடுத்து ரயில் ஏறினோம். ஒரு நிலையம் தள்ளி யங் பாதைக்கு மாறினால், யூனியன் நிலையத்துக்கு எல்லாமாகப் பதினைந்து நிமிடம். அங்கிருந்து பே வீதியால் தெற்கே நடந்தால் ஏரிக்கரை வந்துவிடும், ஒரு கிலோமீற்றருக்கும் குறைவு. படகுத் துறைக்குப் போகும்போது பத்து ஐம்பத்திரண்டு. படகுக்கு ஆளுக்கு மூன்று டொலர் அளவில் கொடுத்த நினைவு, போகவர எல்லாம் அதிலேயே அடக்கம். கோடை முடிந்துவிட்டால் மற்றத் துறைகளுக்குப் படகு இல்லை, வார்ட்ஸ் தீவுக்கு மட்டும்தான். அந்தப் பருவத்தில் மணிக்கு ஒரு படகு. பதினொன்றுக்கு வெளிக்கிட்டு பதினொன்றேகாலுக்கு அந்தக் கரையில் இறங்கினோம்.

தீவில் கார் இல்லை. சிறிய மரவீடுகள், சைக்கிள்கள், உதிர்ந்த மேப்பிள் இலைகள். தெற்குப் பக்கம் போனால் ஏரியை ஒட்டி மரப்பலகை போட்ட நடைபாதை இரண்டரைக் கிலோமீற்றர் நீளத்துக்குப் போகிறது. ஒரு பக்கம் மரம், மறுபக்கம் கரையே தெரியாத தண்ணீர். கடலென்று நினைத்துச் சுகந்தி குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "உப்பில்லை" என்றாள், ஏமாந்தவள் மாதிரி. அந்த இடத்தில் நான் சிரித்திருக்கவேண்டும். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று நான் அவளோடு கதைத்ததில் பாதிக்கு மேல் நேரத்தைப் பற்றித்தான். ஒன்றேகால் படகைப் பிடித்தால் ஒன்றரைக்கு அக்கரை, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு உடுப்பு மாற்றி மூன்றுக்கு வேலை. அதை விட்டால் அடுத்த படகு இரண்டேகாலுக்கு, பிறகு ஓட்டம்தான். மேற்பார்வையாளர் ஏற்கெனவே இரண்டு தடவை என்னைப் பிந்தி வந்ததற்கு ஏசியிருந்தார். மொன்ரியலைப் பற்றி எடுக்க நினைத்த ஒவ்வொரு தடவையும் 'இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது, திரும்பும்போது கதைப்போம்' என்று தள்ளிப்போட்டேன். திரும்பும்போது அவள் மெதுவாக நடந்தாள். இலையைப் பொறுக்கினாள். யாரோ ஒருவருடைய வீட்டு வேலியடியில் நின்று பூனையைப் பார்த்தாள்.

"கெதியா நடவும்" என்றேன். ஒரு தடவை இல்லை, ஆறேழு தடவை.

துறையடிக்கு வந்தபோது என் மணிக்கூட்டில் ஒன்று இருபது. படகு கரையை விட்டு ஒரு நூறு மீற்றர் போயிருந்தது. எனக்கு ஏறிய கோபத்தில் அவளைப் பார்த்துச் சத்தம் போட்டேன். வேலை போனால் வாடகையை ஆர் குடுக்கிறது, இலை பொறுக்கவோ கனடாவுக்கு வந்தனீர் என்றெல்லாம். அவள் என்னைத் தாண்டிப் போனாள். படகுக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிற நீட்டு வாங்கிலில் இருந்தாள். கையில் இருந்த இலைகளைப் பக்கத்தில் வைத்தாள்.

நாயைக் கூட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அந்தப் பக்கம் வந்தார். என் சத்தத்தைக் கேட்டுத்தான் வந்தாரோ தெரியாது. அடுத்த படகு இரண்டேகாலுக்குத்தானே என்று கேட்டேன். ஒன்றேகாலுக்கு என்றார். என் மணிக்கூட்டைக் காட்டினேன். அவர் தன்னுடையதைக் காட்டினார். பன்னிரண்டு இருபது. கோடை நேரம் முடிந்து நேற்றிரவே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் தள்ளியாயிற்று, தெரியாதா என்று கேட்டுவிட்டு நாயோடு போய்விட்டார்.

தெரியாமல் இல்லை. நாலு வருடம் இருந்தவனுக்குத் தெரியும், வசந்தத்தில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளுவார்கள், ஒக்ரோபர் கடைசியில் திரும்பப் பின்னால். எங்கள் வீட்டில் குசினியில் அடுப்புக்கு மேலே தொங்கிய மணிக்கூட்டை மாற்றுவது யாருடைய வேலை என்று ஒருபோதும் தீர்மானமாகவில்லை. அதற்கு முந்தின வசந்தத்தில் மூன்று ஆண்களும் ஆளுக்கொரு தடவை மாற்றி, இரண்டு மணித்தியாலம் முந்தி எழும்பித் தொழிற்சாலைக் கதவைத் தட்டினோம். அந்தப் பாடத்தில், இந்த முறை ஒருவருமே தொடவில்லை. நானும் குசினி மணிக்கூட்டோடு சரிபார்த்துத்தான் கையில் கட்டினது.

அதாவது நாங்கள் ஏறிவந்தது பத்து மணிப் படகு. தவறவிட்டது பன்னிரண்டேகால் படகு. ஒன்றேகால் படகு இனித்தான் வரவேண்டும். ஒன்றுமே பிந்தவில்லை. சும்மா நின்று பெண்சாதியைப் பேசினதுதான் மிச்சம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வாங்கிலின் மற்ற முனையில் போய் இருந்து, மணிக்கூட்டின் திருகை இழுத்து, முள்ளை ஒரு முழுச் சுற்றுப் பின்னால் சுற்றினேன். சுகந்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு வருசத்தையும் உப்பிடிச் சுத்தேலாதோ?" என்றாள்.

நான் ஏரியைப் பார்த்தேன். அன்று காற்று இல்லை. ஏரி அசையவில்லை. எதிரே நகரத்துக் கோபுரங்கள், நடுவில் எங்களை விட்டுவிட்டுப் போன படகு. போகிறது என்றுதான் தெரியும், ஆனால் பார்க்கப் பார்க்க அது அதே இடத்தில் நின்றது. இந்த ஒரு மணித்தியாலத்தை நான் ஏற்கெனவே ஒரு தடவை நடந்தும் மணிக்கூடு பார்த்தும் செலவழித்துவிட்டேன். இப்போது அதே மணித்தியாலம் திரும்ப வந்து முன்னால் இருக்கிறது. வேலைக்கும் வேண்டாம், நித்திரைக்கும் வேண்டாம். வாழ்க்கையில் அப்படி ஒரு நேரம் எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

"நீங்கள் இப்பிடிக் கதைக்கிற ஆளெண்டு எனக்குத் தெரியாது" என்றாள் சுகந்தி.

"கோவத்திலை சொல்லிப்போட்டன்."

"கோவத்தைச் சொல்லேல்லை. வேகத்தைச் சொல்லுறன்."

நான் விளங்காமல் பார்த்தேன். அவள் தண்ணீரைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினாள்.

அந்த நாலு வருடத்தில் நான் அவளுக்குக் கடிதம் எழுதியது குறைவு. எழுத எனக்குப் பொறுமை இல்லை. கசெற்றில் பேசிப் பதிந்து, கொழும்புக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவேன். எல்லாமாக ஆறு கசெற். அங்கே அப்போது யுத்தம், மின்சாரம் இல்லை, பற்றரி வர அரசாங்கம் விடாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துத்தான் பாட்டுக் கேட்பதும் செய்தி கேட்பதும். இதெல்லாம் எனக்குத் தெரியும். என் கசெற்றையும் அப்படித்தான் கேட்டிருப்பாள் என்று மட்டும் நான் நினைத்துப் பார்க்கவில்லை.

"பக்கத்து வீட்டுப் பெடியளைக் கூப்பிட்டால் ஒரே சீராச் சுத்துவாங்கள். ஆனா, உங்கட குரலை அவங்களும் கேட்டுக்கொண்டெல்லோ இருப்பாங்கள்? எனக்கு விருப்பமில்லை. எல்லாரும் படுக்கிற மத்தியான நேரம் பாத்து நானே சுத்துவன். கொஞ்சத்தாலை கை நொந்துபோம். நோக நோகச் சுத்து குறையும், உங்கட குரலும் இழுபடும். ஆறுதலா, அடியிலையிருந்து, ஒவ்வொரு சொல்லா வரும். எவ்வளவு பொறுமையான மனுசன் எண்டு நினைச்சன்."

"நீர் விசாவுக்குக் கொழும்பிலை நிண்டநேரம் போனிலை கதைச்சனாங்கள்தானே?"

"போன் காசு ஓடுதெண்டுதான் நீங்களும் ஓடிறியள் எண்டு நினைச்சன். இஞ்சை வந்தும் அப்பிடித்தான். ஆரோ வேறை ஆளிட்டை வந்திட்டன் போலை கிடக்கு."

கலியாணம் முடிந்த அந்தப் பதினொரு நாளும் வீடு நிறைய ஆட்கள். என் சாதாரணக் குரலை அவள் சரியாகக் கேட்டதே இல்லை. நாலு வருடமாக அவள் கட்டிக்கொண்டு வாழ்ந்தது தன் கைநோவில் பிறந்த ஒரு மனிதனோடு. அவனுக்காகக் கடல் கடந்து வந்தவளுக்கு முன்னால் நான் நின்று 'கெதியா நடவும்' என்று கத்தியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அழுதேன் என்றே எழுதுகிறேன், இந்த வயதில் என்ன மறைப்பு.

அவள் வலது கையை நீட்டி, காற்றில் பெடல் சுற்றுகிற மாதிரிச் சுற்றினாள்.

"ரெண்டாவது கசெற்றிலை பனி விழுறதைப் பற்றிச் சொன்னியள். சொல்லுங்கோ பாப்பம்."

நான் வழக்கம்போல ஒரே மூச்சில் சொன்னேன். "இல்லை, கையைப் பாத்துச் சொல்லுங்கோ" என்றாள். கையைப் பார்த்தேன். அது மெல்ல, மிக மெல்லச் சுற்றியது.

"இஞ்சை... பனி... விழுகுது... சுகந்தி. சத்தமே... இல்லை. நீர்... வந்தால்... காட்டுவன்."

அதைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆனால் நினைவில் அது ஒரு முழுப் பின்னேரம். இலை ஒன்று கிளையிலிருந்து கழன்று கீழே வந்து சேர்வதை முழுவதும் பார்த்தேன். அவளுடைய பெருவிரலடியில் ஒரு பழைய காய்ப்பு இருப்பதைக் கண்டேன். நாயோடு போன பெண்மணி வீதி முனையில் இன்னும் திரும்பி முடியவில்லை. பயணங்களில் காலம் நின்றுபோன அனுபவம் உண்டா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பாலைவனமும் பார்த்தேன், பனிமலையும் பார்த்தேன். எனக்கு நின்றது அந்தப் படகுத் துறை வாங்கிலில் மட்டும்தான்.

பிறகு படகு வந்தது, ஏறினோம். ஒன்றரைக்கு இக்கரை. மொன்ரியலுக்குப் போகவேண்டாம் என்று நான் கேட்கவே இல்லை. கேட்கிற உரிமை எனக்கு இருப்பதாகப் படவில்லை.

இனிப் போகிறவர்களுக்கு: படகு நேரத்தையும் கட்டணத்தையும் போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், நான் சொன்னவை அந்தக் காலத்துக் கணக்கு. இப்போது மணிக்கூடு மாற்றுவது நவம்பர் முதல் ஞாயிறு. காது மூடும் தொப்பி அவசியம். குளிர் தொடங்கினால் அங்கே சாப்பாட்டுக் கடையை நம்பமுடியாது, கட்டிக்கொண்டு போங்கள். நடைபாதை முழுவதும் போய்வர இரண்டு மணித்தியாலம் போதும் என்று எழுதியிருப்பார்கள். நாலு ஒதுக்குங்கள். முக்கியமாக, அன்றைக்கு அதன் பிறகு ஒரு வேலையும் வைக்காதீர்கள்.

மொன்ரியல் என்ன ஆனது என்று கேட்பீர்கள். திங்கட்கிழமை காலை ஒன்பதரைப் பஸ்ஸில் அவள் போனாள். ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர், ஏழு மணித்தியாலம். ஒரு தோள்பை மட்டும் கொண்டுபோனாள். நான் தொழிற்சாலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு வந்து வழியனுப்பினேன். எப்போது வருவீர் என்று கேட்காமலிருக்கப் பெரும்பாடு பட்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, போனில் சொன்னபடி, வந்து இறங்கினாள். உணவகத்துக்கும் சுகமில்லை என்று சொல்லிவிட்டு நான் போய் நின்றேன். தோளில் அதே பை. சாரதி பஸ்ஸின் அடியிலிருந்து ஒரு பெரிய பெட்டியையும் இழுத்து வெளியே வைத்தார். அவள் கனடாவுக்கு வந்திறங்கிய நாள் விமான நிலையத்துக்குப் பார்க்க வந்த அக்கா, அன்றே மொன்ரியலுக்குக் கொண்டுபோன பெட்டி அது. அக்காவுக்குக் கொண்டுவந்த சாமான் என்று நான் நினைத்து, அதை மறந்தும்போயிருந்தேன். வீட்டுக்கு வந்து திறந்தாள். அவளுடைய சேலைகள், படித்த சான்றிதழ்கள், பிறப்புப் பத்திரம், எங்கள் கலியாண அல்பம் எல்லாம் அதற்குள் இருந்தன.

"உதுகளை வைக்க அலுமாரியிலை கொஞ்சம் இடம் விடுங்கோ" என்றாள்.