பொட்டு வைத்த வன்தட்டுகள்

அந்த மனிதரை நினைத்தால் முதலில் கண்ணில் நிற்பது அவருடைய மோதிர விரல். அதைச் சந்தனத்தில் தோய்த்து, சேர்வர் அறையில் அடுக்கியிருந்த வன்தட்டுகளுக்கு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு தட்டின் முகப்பிலும் சின்னதாய் ஒரு விளக்கு இருக்கும். பச்சை எரிந்தால் தட்டு சுகம். செம்மஞ்சள் எரிந்தால் அது செத்துவிட்டது. எங்கள் பணிப்பாளருக்கு அந்த விளக்குத்தான் நெற்றியாகத் தெரிந்தது. அன்று அலுவலகத்தில் வாணி விழா, சரஸ்வதி பூசை.

நான் அப்போது முல்லைத்தீவில், காணிப் பிணக்குகளை விசாரிக்கும் ஒரு திட்ட அலுவலகத்தில் வேலை செய்தேன். போரில் காணி உறுதிப் பத்திரங்களையும் அரசு கொடுத்த பெர்மிற்றுகளையும் தொலைத்த சனம், எல்லை தெரிந்த வயோதிபர்களைக் கூட்டிவந்து சாட்சி சொல்லவைக்கும். அதை வீடியோவில் பதிந்து, விசாரணை முடியும்வரை அந்தத் தட்டுகளில் வைத்திருப்போம். அவற்றைப் பராமரிப்பது என் வேலை. என் தலைக்குமேல் கணினிப் பிரிவுப் பணிப்பாளர் என்று இவரை உட்காரவைத்திருந்தார்கள்.

அவருக்கு வேலை தெரியாது, சொற்கள் தெரியும். றெயிட், கேஷ், லேற்றன்சி என்று கூட்டங்களில் எடுத்துவிடுவார். கிராம அலுவலர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். லேற்றன்சி என்பது, கேட்டதை எடுத்துக்கொடுக்கத் தட்டுக்குப் பிடிக்கும் நேரம். றெயிட் என்பது, பல தட்டுகளை ஒன்றாகக் கட்டி, ஒன்று பழுதானாலும் மற்றவை தாங்கும்படி செய்கிற ஏற்பாடு. எங்களுடையது ஒன்றுக்குத்தான் தாங்கும். இரண்டாவதும் போனால் எல்லாம் போச்சு. ஆகவே வேறோர் இடத்திலும் ஒரு பிரதி வைப்போம் என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

“பிள்ளை, றெயிட் இருக்கேக்கை பிரதி என்னத்துக்கு? நீர் படிச்சனீர்தானே?” என்பார். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

விழாவன்று தேவாரம் பாடிக்கொண்டிருந்தபோது சேர்வர் அறையிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் விடாமல் கேட்டிருக்கிறது. ஒரு தட்டு செத்துவிட்டது என்று இயந்திரம் போட்ட கூச்சல் அது. பாட்டுக்கு இடைஞ்சல் என்று இவர் எழுந்துபோய் அதன் வாயை அடைத்துவிட்டு வந்திருக்கிறார். நான் வெளியே அவலும் கடலையும் பங்கிட்டுக்கொண்டு நின்றேன். ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. எச்சரிக்கை மின்னஞ்சல்களைத் தனக்கு மட்டும் வரும்படி வைத்திருந்தவர், அவற்றைத் திறந்து பார்த்ததும் இல்லை. செம்மஞ்சள் விளக்கு சந்தனத்துக்குள் எரிந்துகொண்டிருந்தது.

பிறகு விசாரணை நேரங்களில் வீடியோக்கள் திக்கித் திக்கி ஓடத் தொடங்கின. கண்காணிப்புத் திரையில் காலை வேளைகளில் லேற்றன்சிக் கோடு செங்குத்தாக ஏறி நின்றது. காட்டினேன். அவரோ, இரவு முழுக்க ஒருவரும் தொடாத நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட சராசரியைக் காட்டி, “பாரும், சராசரி நல்லாத்தானே கிடக்கு” என்றார். பகல் முழுக்கக் காய்ச்சலில் நடுங்கியவனை, இரவில் நன்றாக நித்திரை கொண்டான் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புகிற வைத்தியம்.

ஒரு தட்டு செத்து, அதன் சுமையும் மற்றவற்றின் தலையில் விழுந்தால் இப்படித்தான் திக்கும் என்று நானே போய்ச் சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்தேன். விளக்கைக் கண்டு பதறி ஓடிவந்து சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது, தட்டின்மேல் அல்ல.

“பொட்டை அழிக்கிறது அபசகுனம் எண்டு தெரியாதோ? அது தானா உதிரவேணும். ஒண்டு போனால் மற்றது தாங்கும், அதுதானே றெயிட்!”

புதிய தட்டு அவருடைய அலுமாரிக்குள் இருந்தது. சாவி அவருடைய சட்டைப் பையில். அந்தச் சட்டையோடு கொழும்புக்குப் பயிற்சிக்குப் போய்விட்டார். பூட்டை உடைக்கவா என்று தொலைபேசியில் கேட்டேன். அது அரச சொத்து என்றார். அவர் வருவதற்குள் இரண்டாவது தட்டும் போயிற்று. அதோடு அத்தனை சாட்சிகளும் போயின.

முதலில் வந்தவர் துணுக்காய்ப் பக்கத்து அம்மா ஒருவர். மலையகத்திலிருந்து வந்து, காடு வெட்டி வயலாக்கிய குடும்பம். அந்த வயலை இன்னொருவர் தன்னுடையதென்று கேட்டிருந்தார். எல்லையைச் சொல்லிச் சாட்சி கொடுத்தவர் அந்த அம்மாவின் மாமனார்.

“றெயிட் பெயிலாப் போச்சு அம்மா. பிரச்சினை இல்லை, சாட்சியைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வாங்கோ, புதுசாப் பதிவம்” என்றார் பணிப்பாளர்.

“மாமா மாசியிலயே செத்துப் போயிட்டாருங்க, சார்.”

“அப்ப வேறை ஆரும் இருப்பினம்தானே?”

“காட்டை வெட்டினவங்கள்ல அவரு ஒருத்தருதாங்க மிச்சமா இருந்தாரு.”

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்த முகத்தில் ஒரு சிறு கூச்சமாவது வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. இன்றுவரை அவரை நான் மன்னிக்காததற்கு அதுதான் காரணம், முட்டாள்தனத்தைக்கூட விட்டுவிடலாம்.

இப்போது அவர் கொழும்பில், இன்னும் பெரிய பதவிக் கதிரையில் இருக்கிறார். எங்களுக்கெல்லாம் இணையவழியில் பாடம் எடுக்கிறார். “றெயிட் ஒருநாளும் பிரதி ஆகாது” என்று, தான் கண்டுபிடித்ததைப் போலச் சொல்கிறார். நான் ஒலியை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிப்பேன்.

போன போகத்தில் துணுக்காய் வழியாக மோட்டார் சைக்கிளில் போனபோது அந்த அம்மாவை ஒரு வயலுக்குள் கண்டேன். இறங்கிச் சுகம் விசாரித்தேன். பயிர் நன்றாக நின்றது. யாருடைய வயல் என்று கேட்டேன்.

“எங்க வயலுதாங்க, மிஸ்” என்றார், குனிந்தபடியே. “இப்ப கூலிக்குக் களை புடுங்குறேன்.”