இறாலுக்குச் சுற்றிப்போட்ட உப்பு

எங்கள் மலையில் கடலைப் பார்த்தவர்களே கொஞ்சம். அங்கே நான் இறால் வளர்க்கப் போகிறேன் என்றதும் புதூர்நாடே சிரித்தது. என் மனைவியின் அண்ணன் சிரிப்போடு நிற்கவில்லை.

"மாப்ள, வுட்ட அன்னிக்கே பொழுது சாயறதுக்குள்ள அத்தினியும் செத்துப் பூடும், பாரு."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு குஞ்சுகூடச் சாகாது என்று ஊரார் முன்னால் சவால் விட்டுவிட்டேன்.

குஞ்சுகள் உப்புத் தண்ணீர்ப் பைகளில் ஜீப்பேறி வந்தன. உப்பில் பிறந்ததை ஒரேயடியாக நல்ல தண்ணீரில் விடக்கூடாது. உடம்பில் இருக்கும் உப்பைக் கரையவிடாமல் பிடித்துவைக்க அதன் செவுள் பழக வேண்டும். அதனால், டிரம்மில் விட்டுக் குட்டைத் தண்ணீரைக் குவளை குவளையாக நாள் முழுக்கச் சேர்க்கச் சொல்லியிருந்தார் குஞ்சு கொடுத்தவர்.

வேடிக்கை பார்க்க ஊரே கூடிவிட்டது. மச்சான் நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னா மாப்ள, புள்ளைக்கு மருந்து ஊத்தறியா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. குவளையை எறிந்துவிட்டு வாளியை எடுத்து நாலு வாளி ஊற்றினேன். அரை மணியில் குஞ்சுகள் டிரம்மின் அடியில் போய்ப் படுத்துவிட்டன.

என் மனைவி கூட்டத்தைப் பார்த்தாள். "ஊரு கண்ணு மொத்தமும் இதும்மேலதான்" என்று உள்ளே போனாள். கண் பட்டால் ஒரு கைப்பிடி உப்பைச் சுற்றித் தண்ணீரில் கரைப்பது எங்கள் வழக்கம். இத்தனை கண்ணுக்குக் கைப்பிடி போதாது என்று நினைத்தாளோ என்னவோ, கல்லுப்புப் பாக்கெட்டையே கொண்டுவந்து, டிரம்மை மூன்று சுற்று சுற்றி, கைக்கெட்டிய தண்ணீரில் கொட்டிவிட்டாள். அதாவது, என் டிரம்மில்!

நான் கத்திய கத்தலில் ஜீப் டிரைவர் ஓடி வந்தார். குஞ்சு கொடுத்தவருக்குப் போன் போட்டேன். அவசரத்தில் ஸ்பீக்கரை அமுக்கித் தொலைத்திருக்கிறேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"உப்பு சட்டுனு குறைஞ்சதாலதான் சார் படுத்துருச்சு. உப்பு போட்டது யாரு? நல்ல வேலை செஞ்சாங்க. இனிமே மெதுவா ஊத்துங்க."

சாயங்காலம் குஞ்சுகள் எழுந்து நீந்தின. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உப்பு, செவுள் என்று ஊருக்கு விளக்கத் தொண்டையைச் செருமினேன். மச்சான் என்னைத் தாண்டித் தங்கையிடம் போனார்.

"நானும் இறால் விடலாம்னு பாக்கறேம்மா. எத்தினி சுத்து சுத்தணும்?"

"மூணு போதும்ணா" என்றாள் அவள். "ஆனா இவர மட்டும் கிட்ட வுடாத."