'எல்லாம் படித்தாயிற்று' என்றொரு பொத்தான்

ஒரு கையில் தண்ணீர் டம்ளர், மறு கையில் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த பொடியெழுத்துத் தாள். அதைக் கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்காமல் புவியியல் டீச்சர் மாத்திரையை வாயில் போடமாட்டார். "தலைவலி தானாவே போயிடும் போலிருக்கே" என்று கணவர் முனகுவார். "எழுதினவங்க படிக்கணும்னுதானே எழுதியிருக்காங்க?" என்று பதில் வரும். வடை மடித்து வந்த காகிதத்துக்கும் இதே மரியாதைதான்.

இப்படிப்பட்டவர், காற்று, மழை, வெயில் என்று வீட்டைச் சுற்றி எதையாவது கவனித்து ஆளுக்கொரு வலைப்பூவில் எழுதச் சொல்லித் தன் வகுப்புக்கு வேலை கொடுத்தால் என்ன ஆகும்? பிள்ளைகள் நினைத்த நேரத்தில் எழுதினார்கள். டீச்சர் பஸ்ஸிலும் ஆசிரியர் அறையிலும் தலை பின்னும்போதும் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தார். பாதிப் பக்கங்களில் புதிதாக ஒன்றும் இருக்காது. "சோம்பேறிப் பசங்க" என்று போனைத் திட்டுவார்.

பள்ளி நூலகர்தான் இரக்கப்பட்டார். "நீங்க ஏன் டீச்சர் வாசல் வாசலா ஏறி இறங்குறீங்க? ஃபீட் ரீடர்னு ஒண்ணு இருக்கு. எல்லாப் பக்கத்தோட முகவரியையும் ஒரு தடவை அதுல சேர்த்துட்டா, யாரு புதுசா எழுதினாலும் தானா உங்ககிட்ட வந்துடும்." சேர்த்துக் காட்டிய சற்று நேரத்தில் ஒரு பையனின் மழைக் கட்டுரை வந்து விழுந்தது. "அடடா! இத்தனை நாளா விரலைத் தேய்ச்சதுதான் மிச்சமா?" என்று டீச்சர் போட்ட சத்தத்தில், படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ருசி கண்டபின் கேட்க வேண்டுமா? நிலநடுக்கச் செய்தியைச் சேர்த்தார். புயல் எச்சரிக்கை, எரிமலை, ஆற்று நீர்மட்டம், செயற்கைக்கோள் படம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்தார். திரையின் மூலையில், படிக்காதவை எத்தனை என்று ஓர் எண் தடித்த எழுத்தில் இருக்கும். திருத்தாத விடைத்தாளை வீட்டில் வைத்துக்கொண்டு சோறு இறங்காத மனுஷிக்கு அந்த எண் போதாதா? வெங்காயம் நறுக்கிக்கொண்டே எரிமலை படித்தார். இவர் ஒன்றைப் படித்தால் பத்து வந்து சேர்ந்தது. பாவம், கண்ணுக்குக் கீழே கருவளையமே வந்துவிட்டது.

"ஓடுற தண்ணி டீச்சர் இது. வேணுங்கிறதை மொண்டுக்கிட்டு மிச்சத்தை விட்டுடுங்க" என்று நூலகர் ஒரு பொத்தானைக் காட்டினார். 'எல்லாம் படித்தாயிற்று' என்று அதில் எழுதியிருந்தது. பொய் சொல்கிற கூச்சத்தோடு டீச்சர் அதை அழுத்தினார். எண் மறைந்தது. அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

வகுப்பில் ஜன்னலோரம் ஒரு பெண் உட்காருவாள். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். அவளுடைய வலைப்பூவில் மட்டும் எதுவுமே ஏறியதாகத் தெரியவில்லை. அவளிடமிருந்து ஒரு வரியாவது வந்துவிடாதா என்றுதான் டீச்சர் உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் அவளை நிறுத்தி, "நீ மட்டும்தான் பாக்கிம்மா. எப்போ எழுதப்போறே?" என்றார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எழுதினேன் டீச்சர். எல்லாருக்கும் ஏதாவது சொன்னீங்க. எனக்கு ஒண்ணும் சொல்லல. நல்லா இல்லேன்னு அழிச்சுட்டேன்."

டீச்சர் நேரே நூலகத்துக்கு ஓடினார். "வலைப்பூவுல அழிச்சாலும், ரீடருக்கு வந்து சேர்ந்த பிரதி பெரும்பாலும் அப்படியே இருக்கும். தேடிப் பார்க்கலாம்" என்றார் நூலகர். இருந்தது. ஒரு புயல் எச்சரிக்கைக்கும் நிலநடுக்கத்துக்கும் நடுவில், படித்தாயிற்று என்ற அடையாளத்தோடு.

'எங்க மாடியில ரெண்டு கொடி இருக்கு. வெயில் படுற கொடியில போட்ட துணியைவிட நிழல்ல இருக்கிற கொடியில போட்ட துணி சீக்கிரம் காயுது. அம்மா நம்பல. ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல இருக்கிற சந்து வழியா அங்க காத்து வேகமா வருது. சரியான்னு டீச்சர் சொல்லுவாங்க.'

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு எரிமலையையும் புயலையும் ஆற்றையும் ஒவ்வொன்றாக நீக்கினார். ரீடரில் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் மிஞ்சினார்கள்.

மறுநாள் இடைவேளையில் அந்தப் பெண் வழக்கம்போல வகுப்பிலேயே தனியாக உட்கார்ந்திருந்தாள். டீச்சர் வாசலோரக் குழாயில் தன் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, அவளிடம் போய் நின்றார்.

"அழிச்சதோட பிரதி என்கிட்ட வந்திருந்ததும்மா. அன்னைக்குப் படிக்காமலே படிச்சதா போட்டுட்டேன். தப்பு என்னோடது. நேத்துதான் படிச்சேன்." கைக்குட்டையைத் தூக்கிக் காட்டினார். "அடுத்த மணிக்குள்ள இது காயணும். எங்கே கட்டட்டும்? இந்த ஜன்னல்லதான் நல்ல வெயில் அடிக்குது."

அவள் நிமிர்ந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"இங்க வேண்டாம் டீச்சர். அந்தக் கதவுப் பக்கம். அங்கதான் காத்து."

டீச்சர் வகுப்பைக் கடந்து போய், குதிகாலைத் தூக்கி எட்டி, அவள் கைகாட்டிய கம்பியில் கைக்குட்டையைக் கட்டினார்.