குணசுந்தரி விட்டுக்கொடுக்காத பாடு

எங்கள் குப்பத்தில் குணசுந்தரியை முன்பெல்லாம் யாரும் வீம்புக்காரி என்று சொன்னதில்லை. பழவேற்காடு ஏரிக்கரையில் நண்டு வாங்கி, கூடையோடு பஸ் ஏறி, திருப்பாலைவனத்தில் விற்றுவிட்டு மூன்று மணிக்குத் திரும்புகிறவள். பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியைத் தேர்ந்தெடுத்த அன்று அவள் பஸ்ஸைத் தவறவிட்டாள். வராதவர் தலையில் வேலையைக் கட்டுவது ஊர் வழக்கம் என்பதால் பதவி அவளுக்கு வந்தது.

ஐப்பசிக் கடைசியில், தட்டம்மை ஊசி போட நர்ஸ் பள்ளிக்கு வருவதாகக் கடிதம் வந்தது. ஏரியின் அக்கரையில் அதற்குள் நான்கு பிள்ளைகளுக்குத் தட்டம்மை. ஆனாலும் ஊர் சம்மதிக்கவில்லை. காரணம் ஊசி அல்ல, பாடு.

ஏரியில் இறால் கூடும் இடம் குறைவு. எந்த வீடு எந்த நாளில் அங்கே வலை போடலாம் என்று ஊர் வைத்திருக்கும் முறைதான் பாடு. வீட்டில் அம்மை வார்த்திருந்தால், அம்மனே வந்திருக்கிறாள் என்று, அந்த வீட்டு வலை நனையக் கூடாது. பாடு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். மறுபடி வருவதற்குள் இறால் காலமே முடிந்திருக்கும். போன தடவை ஊசி போட்ட ஒரு வாரம் கழித்து மூன்று பிள்ளைகளுக்குச் சிவப்பாகத் தடிப்பு எழும்பியது. மூன்று வாசலிலும் வேப்பிலை செருகினார்கள். மூன்று வீடும் பாட்டை இழந்தன.

கூட்டம் நான்காம் வகுப்பு அறையில் நடந்தது. பிள்ளைகளின் பெஞ்சில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். பேசிப் பேசி அலுத்துப்போன கீதா டீச்சர், ஊசி போடாத பிள்ளையை வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது என்று தீர்மானம் போடச் சொன்னார். ஊர்த் தலைவர் லோகநாதன் பதிலுக்கு, இறால் காலம் முடியும்வரை எந்தப் பிள்ளையும் ஊசி போடக் கூடாது, அது ஊர்க் கட்டுப்பாடு என்றார்.

குணசுந்தரி முதலில் டீச்சரிடம் திரும்பினாள்.

"வெளிய நிறுத்தாதீங்க டீச்சர். அதுங்க அழுவாது. சந்தோசமா ஏரில கையால எறா தடவப் போய்டும்."

சிரிப்பு அடங்குவதற்குள் தலைவர் பக்கம் திரும்பினாள். அவள் தம்பி தங்கவேலுக்கு ஐந்து வயதில் தட்டம்மை வந்து காது போனது எல்லோருக்கும் தெரியும். பின்னால் மோட்டார் படகு வந்தால் யாராவது அவன் முதுகில் தட்ட வேண்டும். அதை அவள் எடுத்துப் பேசவில்லை. ஊசியால் வருகிற தடிப்பு இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கிவிடும், அதற்காகப் பாடு போகாது என்று முறையை மாற்றுங்கள், பிறகு யாரையும் கட்டாயப்படுத்தத் தேவையிருக்காது என்றாள்.

"அது அம்மா இல்லனு உனுக்கு யாரு சொன்னது? அம்மாவே வந்து சொல்லிச்சா?" என்றார் லோகநாதன்.

"அம்மாதான்னு உங்களாண்டயும் வந்து சொல்லலியே மாமா."

யாரும் சிரிக்கவில்லை. முறையை மாற்ற முடியாது என்று அவர் எழுந்தார்.

"மாத்தாதீங்க. என் பொண்ணுக்குத்தான் மொத ஊசி. தடிப்பு வந்தாலும் பாட்ட உடமாட்டேன்" என்றாள் அவள்.

நர்ஸ் வந்த அன்று ஊசி போட்டுக்கொண்டது ஏழே பிள்ளைகள். முதல் ஆள் அவள் மகள் வினோதினி.

அவர்கள் வீட்டுப் பாடு அதிலிருந்து பத்தாம் நாள். ஒன்பதாம் நாள் காலையில் வினோதினியின் காதுக்குப் பின்னால் தடிப்பு தெரிந்தது. பிறகு கழுத்தில், மார்பில். லேசான காய்ச்சலும் இருந்தது. நர்ஸுக்குப் போன் செய்து, அவர் சொன்ன மாத்திரையைக் கொடுத்தாள். பக்கத்து வீட்டு முனியம்மா வேப்பிலைக் கொத்தோடு வந்தாள். குணசுந்தரி அதை வாங்கி ஆட்டுக்குப் போட்டாள்.

கணவன் இளவழகன் சாயந்திரம்வரை வலையைப் பழுது பார்த்தான். பிறகு, "ஊரு தள்ளி வெச்சா இன்னா பண்ணுவ?" என்று கேட்டான்.

"அக்கரைல போயி நண்டு வாங்குவேன். நீ வலய எடுத்து வை."

மறுநாள் விடிந்தபோது கரையில் லோகநாதனும் நான்கைந்து பேரும் படகுக்கு முன்னால் நின்றார்கள். வலை இழுக்க வேண்டிய ஐந்து பேரில் இரண்டு பேர் வரவே இல்லை. வினோதினிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. குணசுந்தரி அவளை அழைத்துவந்து தலைவர் எதிரில் நிறுத்தினாள்.

"நல்லாப் பாருங்க மாமா. நேத்து இருந்ததுல பாதிதான் இருக்குது. அம்மா ஒரே நாள்ல எறங்கிடுமா?"

அவர் குனிந்து காதுக்குப் பின்னாலும் பார்த்தார். வினோதினி, பள்ளிக்கு நேரமாகிறது என்றாள். அவர் நகரவில்லை. தங்கவேல் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, நின்றவர்களைச் சுற்றிக்கொண்டு படகைத் தள்ளினான். வராதவர்களில் ஒருவனுடைய இடத்தில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குணசுந்தரியே ஏறினாள். வலைப் படகில் பெண் ஏறி எங்கள் குப்பத்தில் யாரும் பார்த்ததில்லை.

நான்கு பேர் இழுத்த வலையில் இறால் சுமார்தான். ஊர் அவளைத் தள்ளி வைக்கவில்லை. முறையை மாற்றவும் இல்லை.

அடுத்த வாரம் லோகநாதனின் மருமகள் திவ்யா நண்டுக் கூடை அருகே வந்து உட்கார்ந்தாள். நர்ஸ் திங்கட்கிழமை மறுபடி வருகிறாராம். மகன் பிரசாந்துக்குப் போட்டால் தடிப்பு எப்போது வரும் என்று மெதுவாகக் கேட்டாள்.

"நெறைய புள்ளைங்களுக்கு வர்றதே இல்ல. வந்தா எட்டு, ஒம்போது நாள்ல வரும். உங்க பாடு எப்ப?"

"ஊசி போட்டு ஒம்போதாம் நாளு, அக்கா. மாமனாரு கரையில நிப்பாரு."

"நிக்கட்டும். நானும் வந்து நிக்கிறேன்."